இல்லாத நிலைகளை எண்ணிய வாத்தியார்

பௌதிக வாத்தியார் வேலை என்பது, தான் பார்த்தேயிராத ஒன்றை, அதைப் பார்க்க ஆசையே இல்லாத அறுபது பேருக்கு, நேரில் பார்த்துவிட்டு வந்தவன் போல விவரிக்கும் வேலை. கரும்பலகைக்கு முன்னால் நின்று தொண்டை வற்றிய சக அவதிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கும் மாமனார் வீடு இருக்கும், பிரின்ஸிபால் இருப்பார், சோதனைக்கு வரும் பெரிய மனிதர்கள் இருப்பார்கள். ஆகவே நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்கு அதிசயமாக இராது.

யுத்த காலத்தில் நான் சேலத்தில் ஒரு காலேஜில் லெக்சரர். பாடம் நடத்தியது போக மிச்ச நேரத்தில் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். விஷயம் இதுதான். அணுவின் கருவுக்குள் ஓர் ஈர்ப்பு விசை இருக்கிறதென்றால் அதை ஒரு பள்ளமாக நினைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து வேகமாக வரும் துகள் அந்தப் பள்ளத்தைக் கடக்கும்போது திசை மாறி ஓடிப்போகும். அது சிதறல். ஓடிப்போகிற அளவுக்குச் சக்தி இல்லாத துகள் பள்ளத்துக்குள்ளேயே தங்கிவிடும். அது கட்டுண்ட நிலை. அதிலும் நினைத்த இடத்தில் தங்க முடியாது, குறிப்பிட்ட சில படிகளில் மட்டுமே தங்கும்.

புத்தகங்களில் இவை இரண்டும் தனித்தனி அத்தியாயம். ஆனால் பள்ளம் ஒன்றுதானே? ஓடிப்போனவை எப்படி ஓடின என்று பார்த்தே, உள்ளே எவையெவை தங்கக்கூடும் என்று சொல்லிவிட முடியாதா? சிதறலுக்கான சூத்திரத்தை எடுத்துக்கொண்டு, எவனாலும் எறிய முடியாத ஒரு சக்தியை, அதாவது பூஜ்யத்துக்கும் கீழே உள்ள சக்தியை அதில் போட்டுப் பார்த்தேன். செங்குத்தான சுவர் வைத்த மிக எளிய பள்ளம்தான். சில இடங்களில் விடை எல்லையில்லாமல் எகிறியது. அந்த இடங்கள் கட்டுண்ட நிலைகளின் சக்தியோடு அச்சாகப் பொருந்தின. அன்று சாயங்காலம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இதைப் புரிந்துகொள்ள இந்த ஜில்லாவில் ஒரு ஜீவன் கிடையாது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

எருமப்பட்டியில் விளக்கம்

என் மனைவி கமலத்தின் ஊர் எருமப்பட்டி. கடலைக்காய் பிடுங்கும் பருவத்தில் அங்கே போயிருந்தபோது, அவளுடைய அண்ணன் பழனிவேல் நான் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு என்னவென்று விசாரித்தார். நாற்பது ஏக்கர் நிலத்தையும் எட்டு ஜோடி மாடுகளையும் கட்டி ஆள்பவர். ஆனால் அணு என்ற சொல்லைக் கேட்டதும் கொட்டாவி விட ஆரம்பித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் தோட்டத்துக் கிணற்றையே உதாரணமாக்கினேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது, வாயோரமாகக் கற்களை வீசிக்கொண்டே இருக்க வேண்டும், அவை எந்தப் பக்கம் தெறித்துப் போகின்றன என்பதை வைத்து உள்ளே என்ன தங்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றேன்.

அரை மணி நேரம் பேசினேன். அவர் நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் விளக்கம் உள்ளே இறங்கிவிட்டது என்று நம்பி நிறுத்தினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தவர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “ஏனுங்க மாப்ள, எட்டிப் பாத்தா தெரியப்போவுது, அதுக்குக் கல்ல வீசறதுக்கா மாசாமாசம் சம்பளம் குடுக்கறாங்க?”

நோட்டீஸ்

எங்கள் காலேஜ் விஞ்ஞான சங்கத்தில் தமிழில் ஒரு சொற்பொழிவு செய்யச் சொன்னார்கள். அப்போது இதற்கெல்லாம் தமிழில் சொல் ஏது? நானே உண்டாக்கினேன். உண்டாக்கியதோடு நிற்காமல் அச்சடித்துக் கடைத்தெருச் சுவர்களில் ஒட்டவும் செய்தேன். ‘சிதறடித்தலும் கட்டுண்ட நிலையும். யாவரும் வருக.’ தேசமே கொதித்துக் கிடந்த நேரம். பாதிப் பேர் ஜெயிலில், மீதிப் பேர் அதற்குத் தயாராக. மூன்றாம் நாள் ஒரு கான்ஸ்டபிள் வந்து என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சப் இன்ஸ்பெக்டர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நோட்டீஸை மூன்று முறை வாய்விட்டுப் படித்தார். கட்டுண்டிருப்பது யார், தேசமா என்றார். துகள் என்றேன். யாரைச் சிதறடிக்கப்போகிறீர்கள் என்றார். அதுவும் துகள்தான் என்றேன். பள்ளம் எங்கே இருக்கிறது, அதற்குள் என்ன புதைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். படம் போட்டுக் காட்டினேன். அந்தப் படத்தை மடித்துத் தன் பைலில் வைத்துக்கொண்டார். சொற்பொழிவை மட்டும் தடுக்கவில்லை.

சொற்பொழிவுக்கு வந்தவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் சாதாரண உடுப்பில் வந்த போலீஸ்காரர்கள். என் உத்தியோக காலம் முழுவதிலும் நான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் குறிப்பெடுத்துக்கொண்ட மாணவர்கள் அந்த இருவர் மட்டுமே. மறுநாள் சப் இன்ஸ்பெக்டர் என்னை வழியில் பார்த்து, குறிப்பை முழுக்கப் படித்ததாகவும், படித்த பிறகு தலைவலி வந்ததாகவும் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திப் புத்திமதி சொன்னார்: “எதை வேணும்னாலும் சிதறடிச்சுக்குங்க சார், ஆனா நோட்டீஸ் மட்டும் அடிக்காதீங்க.”

தராசில் தூசி

காலேஜைப் பார்வையிட மூன்று பெரிய மனிதர்கள் வந்தார்கள். அதில் ஒருவர் சீமையில் படித்தவர், விஞ்ஞானத்துக்காகவே அனுப்பப்பட்டவர் என்று பிரின்ஸிபால் எச்சரித்திருந்தார். கடைசியில் ஒரு காது கிடைத்தது என்று நான் பரவசப்பட்டேன். அவர் லாபரட்டரிக்குள் காலை வைத்ததும் கரும்பலகைப் பக்கம் இழுத்துப் போனேன். மெதுவாகப் போகும் நியூட்ரானை ஹைட்ரஜன் மேல் விட்டால் கணக்குச் சொல்வதைவிடப் பல மடங்கு அதிகமாகச் சிதறுகிறது. காரணம், நியூட்ரானும் புரோட்டானும் ஒரே பக்கமாகச் சுழலும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. எதிரெதிராகச் சுழலும்போது பிடித்துக்கொள்ளும் தறுவாய் வரை வந்து, ஒரு மயிரிழையில் கோட்டை விடுகின்றன. நடக்காமல் போன அந்தச் சேர்க்கைகூடச் சிதறலில் தன் தடத்தைப் பதித்துவிட்டுப் போகிறது. இதைச் சொல்லும் வேகத்தில் கையிலிருந்த சாக்பீஸை இரண்டாக ஒடித்துவிட்டேன்.

பெரிய மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கரும்பலகைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசைப் பார்த்தார். விரலால் தட்டைத் தடவி, விரலை முகத்துக்கு நேரே பிடித்து ஆராய்ந்தார். அவர் எழுதிய அறிக்கையில் பௌதிக இலாகாவைப் பற்றி ஒரே வரி: தராசில் தூசி. நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அட்டெண்டர் கருப்பண்ணன் ஆட்டையாம்பட்டிக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். தட்டைத் துடைத்துக்கொண்டே எனக்கு ஆறுதல் சொன்னார்: “உடுங்க சார், அந்தத் தொரைக்குத் தூசியாச்சும் புரிஞ்சுதேன்னு நெனச்சுக்குங்க.”

கொக்கி எழுத்து

எளிய பள்ளத்தோடு நான் நிற்கவில்லை. நிஜமான விசைக்குச் செங்குத்துச் சுவர் இருக்காது. தூரம் போகப் போகத் தேய்ந்துகொண்டே போகும். அப்படித் தேயும் விசைக்குச் சூத்திரத்தைக் கண்டுபிடித்து, பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிப் பார்த்தேன். ஓரிடத்தில் எகிறியது. இன்னும் இறங்கினால் இன்னோரிடம். அதற்குக் கீழே இன்னொன்று. ஒழுங்கான வரிசையில் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு கட்டுண்ட நிலை என்று எழுதி வைத்தேன். சென்னையில் ஓர் ஆராய்ச்சி உத்தியோகம் காலியாகப் போகிறதென்றும், பிரசுரமான கட்டுரை ஒன்று கையில் இருந்தால் அது எனக்குத்தான் என்றும் என் பழைய ஆசிரியர் எழுதியிருந்தார். கமலம் அக்கம்பக்கத்தில் சொல்லி முடித்துவிட்டாள். கறவை எருமையைக்கூட அண்ணன் வீட்டுக்கு ஓட்டி அனுப்பிவிட்டாள்.

கடைத்தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவரிடம் கட்டுரையைக் கொடுத்தேன். நூல் வியாபாரிகளின் கடிதங்களை அடித்துப் பழகியவர். ஒரு வாரம் கழித்து அவர் கொடுத்த பக்கங்களில் வார்த்தைகள் எல்லாம் இருந்தன, சூத்திரங்கள்தான் இல்லை. இருபத்திரண்டு பக்கமும் சொத்தைப் பல் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஏனய்யா இப்படி என்று கத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அந்தக் கொக்கி எழுத்துக்கெல்லாம் நம்ம மிஷின்ல கட்டை இல்லீங்க, எடம் உட்டிருக்கறேன், நீங்களே ரொப்பிக்குங்க.”

பள்ளமும் மேடும்

ஓட்டைகளை நிரப்ப எனக்குப் பொறுமை இல்லை. கையெழுத்தும் கோழி கிளறியது போல இருக்கும். கணக்கு இலாகாவில் செங்கோடன் என்று ஒருவர் இருந்தார். ஜேடர்பாளையத்துக்காரர், முப்பது வயது, இன்னும் வேலை நிரந்தரமாகாதவர். அச்சுக் கோத்த மாதிரி எழுதுவார். வாய் திறந்தால் சுத்தக் கொங்குத் தமிழ். வகுப்பிலும் அப்படியே பேசுவதால் பிள்ளைகள் பின்னால் சிரிப்பார்கள். ஆசிரியர் அறையில் நான் அவருக்கு லாகரிதம் டேபிள் என்று பெயர் வைத்திருந்தேன். கேட்டால் விடை தரும், தானாக யோசிக்காது என்று அர்த்தம். அவரைக் கூப்பிட்டு ஓட்டைகளை நிரப்பச் சொன்னேன். கூட்டல் கழித்தல் குறி ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதையும் பார்க்கச் சொன்னேன். அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்றும் சொன்னேன்.

பத்து நாள் கழித்து வந்தார். ஓட்டைகள் எல்லாம் முத்து முத்தாக நிரம்பியிருந்தன. கூடவே ஒரு தனிக் காகிதம். அவர் என் சிதறல் சூத்திரத்தை நம்பாமல், அதே பள்ளத்தில் தங்கக்கூடிய நிலைகளை நேர்வழியில் கணக்குப் போட்டிருந்தார். நான் எடுத்துக்கொண்ட ஆழத்துக்கு ஒரே ஒரு நிலைதான் வந்தது. மற்றவை எங்கே என்று தேடியிருக்கிறார். பள்ளத்தின் ஆழத்தைக் கொஞ்சம் மாற்றினால் அந்த ஒரு நிலை இடம் மாறுகிறது. என்னுடைய முடிவில்லாத வரிசையோ இம்மியும் அசையவில்லை. பள்ளத்தின் ஆழத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் காகிதத்தை முழுக்கப் படிக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கணக்கு வேறு, பௌதிகம் வேறு, சூத்திரத்துக்குள் இருக்கும் உயிர் உமக்குத் தெரியாது என்று ஆசிரியர் அறையில் நாலு பேர் கேட்கச் சொன்னேன்.

அவர் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வாசல் வரை போனார். திரும்பி நின்று, கோபமும் இல்லாமல் பணிவும் இல்லாமல் சொன்னார்: “பள்ளத்த மேடாக்கியும் பாத்தனுங்க, அப்பவும் அதுவ அங்கயேதான் நிக்குது, மேட்டு மேல எது சாமி தங்கும்?”

அபிப்பிராயம்

அந்த மாதமே பிரின்ஸிபால் என்னைக் கூப்பிட்டார். சரித்திரப் பேராசிரியர் அவர். பானிப்பட்டு யுத்தங்களைத் தவிர வேறெதிலும் நம்பிக்கை இல்லாதவர். செங்கோடனை நிரந்தரமாக்குவதா, வருஷ முடிவோடு அனுப்பிவிடுவதா என்று நிர்வாகக் கமிட்டி கேட்கிறது, கணக்குக்குப் பக்கத்து இலாகா உங்களுடையதுதானே, நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றார். நல்ல மனிதன் என்றால் யோசிக்க அவகாசம் கேட்டிருப்பான். நான் அங்கேயே பேனாவைத் திறந்தேன். ‘கணக்கில் பிழை பார்ப்பார்; கருத்து விளங்காது.’ எழுதி முடித்தபோது எனக்கு மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

வருஷ முடிவில் செங்கோடனுக்கு வேலை போயிற்று. பிரிவுபசாரம்கூட இல்லை. சைக்கிள் கேரியரில் ஒரு டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனதைக் கருப்பண்ணன் பார்த்துவந்து சொன்னார். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பிரின்ஸிபாலிடம் போய், கமிட்டி வேறு யாரையும் விசாரிக்கவில்லையா என்று கேட்டேன். அவர் சரித்திரப் புத்தகத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. “எனக்குக் கணக்கு வராது சார், கமிட்டிக்கு எதுவுமே வராது, அதனால நீங்க எழுதினதையே அப்படியே அனுப்பிட்டேன்.”

இரண்டு வரிக் கடிதம்

கட்டுரையை நான் ஒரு விஞ்ஞானச் சஞ்சிகைக்கு அப்படியேதான் அனுப்பியிருந்தேன், முடிவில்லாத வரிசையோடு. ஐந்து மாதம் கழித்து வடக்கேயிருந்து திரும்பி வந்தது. கூட ஒரு கடிதம், இரண்டே வரி. இவ்வளவு நிலைகள் உண்மையில் இருக்கின்றன என்பதற்குக் கட்டுரை ஆசிரியர் ஆதாரம் தரவில்லை; நேர்வழியில் எண்ணிப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். கையெழுத்துப் போட்டவர் முன்பின் தெரியாதவர், ஆனால் வார்த்தைகள் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. மேஜை இழுப்பறையில் செங்கோடன் வைத்துவிட்டுப் போன காகிதத்தைத் தேடினேன். அதன் பின்பக்கத்தில் நானே எப்போதோ வகுப்பு அட்டவணை எழுதியிருந்தேன். திருப்பி முன்பக்கத்தை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். ஓரிடத்திலும் பிழை இல்லை.

சென்னை உத்தியோகம் வேறொருவருக்குப் போயிற்று. ஆசிரியர் எழுதிய கடிதத்தில் அதைப் பற்றி அரை வரிதான் இருந்தது. கமலத்திடம் சொல்ல இரண்டு நாள் வார்த்தை தேடினேன். விஞ்ஞானத்தின் தோல்விகள் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம்கூடத் தயாரித்தேன். அவள் அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. காலியாகக் கிடந்த கட்டுத்தறியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அண்ணங்கிட்டக் குடுத்த எருமய இனி எந்த மொகத்த வச்சுட்டுத் திருப்பிக் கேக்கறதுங்க?”

கரி பஸ்ஸில் ஜேடர்பாளையம்

யுத்தம் முடிந்த பிறகு, பரீட்சைத் தாள் திருத்தச் சென்னைக்குப் போயிருந்தேன். வருஷக்கணக்காக வராமல் கிடந்த வெளிநாட்டுச் சஞ்சிகைகள் நூலகத்துக்கு மொத்தமாக வந்திருந்தன. புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு சின்னக் கட்டுரையில் நின்றேன். சிதறல் சூத்திரம் எகிறும் இடங்களிலிருந்து கட்டுண்ட நிலைகளை அறியலாம் என்று ஐரோப்பாவில் ஒரு பெரிய தலையே சொல்லியிருந்ததாம். அது எனக்குத் தெரியாமலே நான் அதே வழியில் நடந்திருக்கிறேன். இந்தக் கட்டுரைக்காரர் என்ன சொல்கிறார்? கவனம், தேய்ந்துபோகும் விசையில் போலியான இடங்களும் வரும், அங்கெல்லாம் எந்த நிலையும் கிடையாது. அதே விசை. அதே வரிசை. பெரிய தலைக்கே திருத்தம் என்பதால் உலகம் அதைப் பேசிக்கொண்டிருந்தது. செங்கோடன் அதைச் சொல்லிச் சில வருஷம் ஆகியிருந்தது. என் தப்புதான் குப்பை. அந்தத் தப்பைக் காட்டிய காகிதம் பொன். பொன்னின் முதுகில் நான் அட்டவணை எழுதியிருந்தேன். அங்கேயே உட்கார்ந்து கட்டுரை முழுவதையும் கையால் பிரதி எடுத்தேன். தாள் திருத்தும் வேலையில் அன்று எத்தனை பேரை நியாயமில்லாமல் பாஸ் போட்டேன் என்று எனக்கே தெரியாது.

சேலத்திலிருந்து திருச்செங்கோடு வழியாக ஜேடர்பாளையத்துக்குக் கரி பஸ், பெட்ரோல் பஞ்சத்தில் கரி எரித்து ஓடும் வண்டி. மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். நானும் தள்ளினேன். செங்கோடன் காவிரி வாய்க்காலை ஒட்டிக் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வாங்க என்றார். வாய்க்காலில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்து நான் கொடுத்த பிரதியை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். தண்ணீர் மடை மாறி வீணாக ஓடியதைக்கூடக் கவனிக்கவில்லை. படித்து முடித்ததும், இவரு நல்லாப் பண்ணியிருக்கறாருங்க என்று மட்டும் சொன்னார். அந்த முகத்தில் பொறாமையைத் தேடினேன், கிடைக்கவில்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

கமிட்டிக்கு நான் எழுதிய வரியைப் பற்றி அப்போது சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாக்கியம் மூன்று முறை உடைந்தது. தனக்கு அது அன்றைக்கே தெரியும் என்றும், வேலையை விட்டுப் போகும்போது பிரின்ஸிபாலே காட்டினார் என்றும் சொன்னார். பிறகு வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறு போட்டார். அவர் மனைவி இரண்டாம் தடவை ரசம் ஊற்றியபோதும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பஸ் ஏற்றிவிட வந்தவரிடம், இப்போதாவது இதை எழுதிப் பிரசுரிக்கலாம், நானே எல்லா ஏற்பாடும் செய்கிறேன் என்று தொடங்கினேன். பிரதியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பஸ் கிளம்பும் முன் ஜன்னலருகே வந்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்: “நானு பக்கத்து ரூமுலிருந்து நம்ம பேச்சுலதான் சொன்னனுங்க, கடல் தாண்டி இங்கிலீசுல வந்தாத்தான் உங்களுக்குக் காதுல உளுகுமுங்களா?”

இருபத்தெட்டு வருஷம் ஊரில் உள்ளவர்கள் மண்டையெல்லாம் களிமண் என்று சொல்லிச் சம்பளம் வாங்கிய நான், அந்தக் களிமண் எவன் மண்டையில் இருந்தது என்பதை மட்டும் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தேன்.